பேரை விடும்மா, பார்த்ததைச் சொல்லு

ஏரியின் நடுவில் ஒரு சின்னப் பறவை பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. காலை ஆறே முக்கால் மணி இருக்கும், வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தக்கை மிதப்பது போல மிதந்தபடி, நின்ற இடத்திலேயே சுழல்வதும், சட்டென்று அலகால் தண்ணீரைக் கொத்துவதும், மறுபடி சுழல்வதுமாக இருந்தது. சாயல் உள்ளான் சாயல்தான். ஆனால் உள்ளான் என்றால் சேற்றில் நடக்கும், கரையோரம் குடுகுடுவென்று ஓடும், முழங்கால் தண்ணீரில் நின்று துழாவும். ஆழத்தில் இப்படி நிம்மதியாக நீந்தும் உள்ளான் வகை ஒன்று உண்டு, ஃபாலரோப் என்பார்கள்; அதை நான் அதுவரை படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

கை நடுங்கியது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மறுகையால் போனைத் தேடி அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் பறவை பார்க்கும் குழுவில் மூத்தவர் அவர், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அண்ணன். "அண்ணே, ஃபாலரோப் வந்திருக்குன்னு நினைக்கிறேன்!" என்றேன். அவர் பதற்றமே இல்லாமல், "பேரை விடும்மா. என்ன பார்க்கிறே, அதைச் சொல்லு. சொல்லிக்கிட்டே எழுது" என்றார்.

எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது, எழுத்து கோணல்மாணலாக: "பக்கத்தில் இருக்கும் வாத்தில் பாதிகூட இல்லை. முகம் வெள்ளை. கண்ணிலிருந்து பின்பக்கமாக ஒரு கருப்புப் பட்டை. அலகு கருப்பு, ஊசி மாதிரி மெல்லிசு. முதுகு சாம்பல், அதில் வெளிர்க் கோடுகள். நீந்துகிறது, சுழல்கிறது, கொத்துகிறது. குரல் கேட்கவில்லை. தனியாக. 6.48."

ஏழரை மணிக்கு அது எழும்பி, ஏரியை ஒரு வட்டம் அடித்து, தெற்குப் பக்கமாகப் போனது. போனதுதான். எட்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள், பத்து மணிக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர். மாலை வரை காத்திருந்தும் யாருக்கும் கிடைக்கவில்லை. என் கையில் இருந்ததெல்லாம் அந்த நோட்டுப் பக்கமும், சாம்பல் நிறப் புள்ளியாக விழுந்த இரண்டு படங்களும் மட்டும்தான்.

மறுநாளே கேள்வி வந்தது. ஃபாலரோப் சரி, எந்த ஃபாலரோப்? செங்கழுத்து ஃபாலரோப் என்று நான் சொல்கிறேன், ஏன் செந்நிற ஃபாலரோப்பாக இருக்கக்கூடாது என்று பக்கத்துக் குழுவில் அனுபவமுள்ள ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெயரில் செந்நிறம் இருக்கிறதே தவிர, குளிர்காலத்தில் இரண்டுமே சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும், அந்தச் சிவப்பெல்லாம் இனப்பெருக்கக் காலத்து உடை. புள்ளியாகிப்போன படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கைகொடுத்தது இரண்டு வரி. செந்நிற ஃபாலரோப்புக்கு அலகு கொஞ்சம் தடித்திருக்கும், முதுகு கோடில்லாமல் ஒரே சாம்பலாக இருக்கும். நான் அலகு ஊசி மாதிரி என்றும் முதுகில் வெளிர்க் கோடுகள் என்றும் எழுதியிருந்தேன், அதுவும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாத நேரத்தில். தெரிந்திருந்தால் "கோடு இருந்ததாகத்தான் ஞாபகம்" என்று மனசு தானாக வரைந்திருக்கும். தெரியாமல் எழுதியதால்தான் அந்தக் குறிப்புக்கு மதிப்பு என்று அண்ணன் சொன்னபோதுதான் அவர் ஏன் பெயரை விடச் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது.

அப்புறம் படித்துப் படித்து அந்தப் பறவை மேல் எனக்கு ஒரு பித்தே பிடித்துவிட்டது. ஆர்க்டிக் பக்கத்துச் சதுப்பு வெளிகளில் முட்டையிட்டுவிட்டு, மிச்ச மாதங்களை நடுக்கடலில் கழிக்கிற பறவை அது. நின்ற இடத்தில் சுழல்வது விளையாட்டு இல்லை, அந்தச் சுழற்சியில் அடியிலிருக்கும் சின்னஞ்சிறு நீருயிரிகள் நீரோடு மேலே வரும், அதைக் கொத்தித் தின்னும். பெண்தான் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும், அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண். 2012ல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் சில பறவைகளின் உடலில் மிகச் சிறிய கருவிகளைப் பொருத்தி விட்டார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்த ஒரு பறவையின் கருவியைப் பார்த்தபோது, அது அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியன் வழியாக, தென் அமெரிக்காவின் பசிபிக் கரைக்கு அப்பால் போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தது தெரிந்தது. நாற்பது கிராம்கூட எடை இல்லாத பறவை! அதன் உறவு ஒன்று எங்கள் ஏரியில் முக்கால் மணி நேரம் இளைப்பாறிவிட்டுப் போயிருக்கிறது.

எழுதும் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்துதான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபாலரோப்புக்கு இரண்டு வருடம் முன்னால், புல்வெளியில் தூய வெள்ளையாக ஒரு பறவை. அலகு மஞ்சள், கால் மஞ்சள். கையேட்டில் தேடித் தேடி, எந்த நாட்டுப் பறவையோ வழிதவறி வந்துவிட்டது என்று முடிவு கட்டி, எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். தொலைவிலிருந்து இரண்டு பேர் லீவு போட்டு வந்தார்கள். அண்ணனும் வந்தார். பைனாகுலரை எடுக்கும் முன்னாலேயே அவர் கேட்டது ஒன்றுதான்: "கூட யார் இருந்தாங்க?" மைனாக் கூட்டத்தோடு இருந்தது. நடையும் மைனா நடை, சத்தமும் மைனா சத்தம், கண்ணைச் சுற்றி அதே மஞ்சள் தோல். இறகில் நிறமி இல்லாமல் போன மைனா அது. கண்மணி கருப்பாகவே இருந்ததால் முழு அல்பினோவும் இல்லை; அல்பினோ என்றால் கண்ணும் சிவந்திருக்கும்.

வந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை, வெள்ளை மைனாவும் தினமும் கிடைக்கிற காட்சியா என்ன என்று ஆசையாகவே பார்த்தார்கள். ஆனால் எனக்கு அன்று ஒன்று புரிந்தது. நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், பறவையைப் பார்க்கவில்லை. அதிலிருந்து விசித்திரமாக எது கண்ணில் பட்டாலும் முதலில் சாதாரணப் பறவைகளில் எது இப்படித் தெரிய வாய்ப்பிருக்கிறது என்று யோசிக்கிறேன். நிறமி குறைந்ததா, இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிறதா, இளம்பறவையா, இரண்டு இனம் கலந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா. கூண்டுப் பறவை என்றால் பெரும்பாலும் வால் இறகு நுனி தேய்ந்திருக்கும், ஆளைக் கண்டால் அவ்வளவாகப் பயம் இருக்காது, சிலசமயம் காலில் வளர்த்தவர்கள் மாட்டிய மூடிய வளையம் இருக்கும். இத்தனையையும் கடந்து நிற்கிற பறவைதான் நிஜமாகவே அபூர்வம்.

வெளிச்சமும் சேறும் செய்கிற வேலை தனி. சாயங்கால வெயிலில் வெள்ளை வயிறு ஆரஞ்சாகத் தெரியும். சேற்றில் நடந்துவிட்டு வந்த உள்ளானின் கால் நிறத்தை நம்பவே கூடாது, அது தண்ணீரில் இறங்கிக் கழுவும் வரை காத்திருக்க வேண்டும். அளவை மட்டும் வெறும் கண்ணால் சொல்லாதீர்கள். தனியாக நிற்கும் பறவையின் அளவு கண்ணை ஏமாற்றும், பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வந்து நிற்கும்போது ஒப்பிட்டு எழுதுங்கள். "மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரிசு" என்பது சென்டிமீட்டரில் சொல்வதைவிட நம்பகமானது.

இப்போது போனில் மெர்லின் மாதிரி செயலிகள் இருக்கின்றன, படத்தையோ குரலையோ கொடுத்தால் பெயர் சொல்லிவிடும். நானும் பயன்படுத்துகிறேன், குரல் கற்றுக்கொள்ள அதைப்போல உதவி கிடையாது. ஆனால் அது சொல்வது யோசனை, சாட்சி இல்லை. ஒருநாள் காட்டுப் பாதையில் ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து நாலு பறவைகளின் பெயரைக் காட்டியது, அதில் ஒன்று அந்தப் பக்கமே வராத பறவை. நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஒரு துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்து மற்ற பறவைகளின் குரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கொண்டிருந்தது. கண்ணால் பார்க்காமல் அந்தப் பட்டியலை அப்படியே பதிவு செய்திருந்தால்?

சரி, வழக்கமில்லாத பறவைகள் ஏன் வருகின்றன? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. புயலும் பெருங்காற்றும் ஒரு காரணம். 1927 டிசம்பரில் ஐரோப்பாவின் கொண்டை ஆள்காட்டிகள் பலத்த காற்றில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தில் நூற்றுக்கணக்கில் இறங்கின. அதில் ஒன்றின் காலில் முந்தைய வருடம் இங்கிலாந்தில் அடையாளத்துக்காக மாட்டிய வளையம் இருந்ததால்தான் அவை எங்கிருந்து கிளம்பின என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இன்னொரு காரணம் திசைக் குழப்பம், போக வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிராகக் கிளம்பிவிடுவது. வசந்தத்தில் சில பறவைகள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் பறந்துவிடும். இப்படித் தடம் மாறுபவற்றில் நிறைய முதல் வலசை போகிற இளம்பறவைகள். ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள்: 2022ல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல், 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. இதைப் படித்த பிறகு எனக்கு வழிதவறிய பறவைகள் மேல் இருந்த ஆச்சரியம் குறைந்துவிட்டது, வழிதவறாமல் வந்து சேர்கிறவைதான் இப்போது பெரிய ஆச்சரியம்.

ஒருவர் பார்ப்பதும் பலர் பார்ப்பதும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்டெல்லர் கடற்கழுகு. ரஷ்யாவின் கிழக்குக் கரையிலும் ஜப்பானிலும் வாழ்கிற, உலகின் மிக கனமான கழுகுகளில் ஒன்று. அதில் ஒரே ஒரு பறவை 2020ல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது, 2021ல் டெக்சஸில், பிறகு கனடாவின் கிழக்கில், அந்த டிசம்பரில் மாசசூசெட்ஸிலும் மெய்னிலும். எல்லாம் ஒரே கழுகு என்று எப்படித் தெரிந்தது? வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், எடுத்த படங்களில் இறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டுகள் ஒரே அமைப்பில் இருந்தன. அழகான முகத்தை மட்டும் படமெடுத்துவிட்டுப் போயிருந்தால் அது நாலு தனித்தனி கழுகாகவே இருந்திருக்கும். அதனால் எங்கள் குழுவில் சொல்லிக்கொள்வது: கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, விரித்த இறக்கை மேலும் கீழும், வால், முதுகு, கால் எல்லாவற்றையும் எடு. கரைப்பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணக் கொடி இருந்தால் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எது கீழே, எழுத்து ஏதும் இருக்கிறதா, எல்லாம் வேண்டும். வலது இடது என்பது பறவையின் வலது இடது. எதிரில் நிற்கிற நமக்கு அது மாறிப்போகும்.

இனி எழுதுவது எனக்குச் சிரமமான விஷயம்.

பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. மூன்று குஞ்சுகள், வெளிர்ப் பஞ்சுப் பொதி மாதிரி. அந்த இடத்தில் அதைப் பார்ப்பது அரிது, சந்தோஷத்தில் போகும் வழி, பாறை, நிற்க வேண்டிய இடம் உட்பட எல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். நம்மவர்கள் தானே என்ற நம்பிக்கை. அந்தச் செய்தி கை மாறிக் கை மாறிப் போனது. மூன்றாம் நாள் நான் போனபோது பத்துப் பதினைந்து பேர், பாதிப்பேரை எனக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் குஞ்சு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று போனில் ஆந்தைக் குரலை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மறைத்த செடியை ஒடித்துப் போட்டிருந்தார், அந்த ஒடித்த கிளையின் இலைகள் இன்னும் வாடக்கூட இல்லை. தாய் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து அலகைக் கடகடவென்று தட்டிக்கொண்டே இருந்தது, இருட்டி வெகுநேரம் வரை கூட்டுக்கு இரை கொண்டு வரவில்லை. ஒரு வாரத்தில் குஞ்சுகள் இரண்டாகிவிட்டன. கூட்டத்தால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கொம்பன் ஆந்தைக் குஞ்சுகள் பறக்கும் முன்பே கூட்டை விட்டு நடந்து வெளியேறும், அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தச் செடியின் நிழல் இல்லாமல் போனதற்கும், தாய் அத்தனை நேரம் எதிர்ப்பாறையில் தவித்ததற்கும் நான் அனுப்பிய செய்திதான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றிலிருந்து குழுவில் நாங்கள் சில விஷயங்களில் கறாராக இருக்கிறோம். கூடு என்றால் யாருக்கும் இடம் சொல்வதில்லை, நெருங்கிய நண்பருக்கும்கூட. ஆந்தை பகலில் அடையும் மரமும் அப்படியே. வலை போட்டுப் பிடிக்கிறவர்கள் தேடும் இனமென்றால் பறவை கிளம்பிப் போன பிறகுதான் பேச்சே. இளைப்பாற வந்த வலசைப் பறவையாக இருந்தால், திறந்த ஏரியில் எல்லோருக்கும் தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி இருந்தால், தாராளமாகச் சொல்கிறோம், பார்க்கட்டும், அதில் தடையில்லை. பறவைப் பதிவுகளைப் போடுகிற ஈபேர்ட் இணையதளத்திலேயே ஆபத்தில் இருக்கும் சில இனங்களுக்குச் சரியான இடத்தை வெளியே காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள், ஆனால் எல்லா இனத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் கூடு பற்றிய பதிவைத் தாமதமாகப் போடுவது நம் கையில்தான் இருக்கிறது. இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது: போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும். வார்த்தையில் மறைத்துவிட்டுப் படத்தில் கொடுத்துவிடுவோம். அனுப்பும் முன் அந்த இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

குரல் ஓட்டுவது பற்றி யாராவது "ஒரே ஒரு தடவைதானே" என்றால் நான் இப்போது முகத்துக்கு நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பறவைக்கு அது எதிரி எல்லைக்குள் வந்துவிட்டது என்ற சேதி. இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவழிக்கும். நமக்கு ஒரு தடவை, ஒரு நாளில் வந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை என்றால் அதற்கு எத்தனை தடவை?

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கேமராவின் கடிகாரத்தைச் சரி பாருங்கள்; எங்கள் நண்பர் ஒருவரின் அருமையான பதிவு ஒன்று, கேமராவில் வருடம் தவறாக இருந்ததால், அவர் விளக்கி எழுதும் வரை இரண்டு மாதம் சந்தேகத்திலேயே கிடந்தது. அபூர்வப் பறவை கிடைத்த நாளில் மற்ற பறவைகளை விட்டுவிடாதீர்கள், அன்று பார்த்த எல்லாவற்றையும் முழுப் பட்டியலாகப் போடுங்கள், நேரமும் நடந்த தூரமும் சேர்த்து. முழுப் பட்டியலாக இருந்தால்தான், அதில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று தெரியும். தேடிப் போய்க் கிடைக்காமல் வந்தாலும் அதையும் சொல்லுங்கள். ஃபாலரோப்பைத் தேடி வந்து ஏமாந்தவர்கள் மாலை வரை இருந்து இல்லை என்று பதிந்ததால்தான் அது முக்கால் மணி நேர விருந்தாளி என்று இன்று என்னால் சொல்ல முடிகிறது.

யாராவது தவறான பெயர் சொன்னால் எல்லோர் முன்னாலும் திருத்தாமல் தனியாகக் கேளுங்கள், அதுவும் "இல்லை" என்று தொடங்காமல், "வால் எப்படி இருந்தது?" என்று. குழுவில் ஒரு கல்லூரித் தம்பி இருக்கிறான். முதல் மாதத்திலேயே ஒருவர் அவனை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டியதில் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவன் என்னென்ன பார்த்தானோ, எதுவும் எங்களுக்குக் கிடைக்காமலே போனது. அண்ணன்தான் வீட்டுக்குப் போய்ப் பேசி மறுபடி அழைத்து வந்தார்.

போன வாரம் அந்தத் தம்பியிடமிருந்து செய்தி, விடியற்காலை. "அக்கா, புல்வெளிக்கு மேலே தாழப் பறக்குது. இறக்கையை மேல்நோக்கி வி மாதிரி வெச்சிருக்கு. முதுகு முடிஞ்சு வால் தொடங்குற இடத்துல வெள்ளைப் பட்டை. மேல்பக்கம் பழுப்பு. கழுத்தை இன்னும் சரியாப் பார்க்கலை. 6.20." பெயர் எதுவும் எழுதவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பூனைப்பருந்து ஒன்று புல் நுனியை உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணாகவோ இளம்பறவையாகவோ இருக்க வேண்டும். இந்த வகையில் சில இனங்களின் பெண்களும் இளம்பறவைகளும் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். இறக்கை நுனியில் விரல் மாதிரிப் பிரிந்து தெரியும் இறகுகள் நாலா ஐந்தா, முகத்துக்குப் பின்னால் வெளிர்க் கழுத்துப்பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு என்று அவன் சொன்னான், எனக்கும் நாலாகத்தான் பட்டது. கழுத்துக்காகக் காத்திருந்தோம். அது திரும்பவே இல்லை, அப்படியே மரங்களுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி முடித்த பிறகுதான் நோட்டை மாற்றிக்கொண்டோம். விரல் நாலு, இரண்டிலும். கழுத்து தெரியவில்லை, இரண்டிலும். "என்னன்னு போடறது அக்கா?" என்றான். "பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை" என்று பதிந்தோம். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி போகிறோம்.